மரங்கொத்தியின் கட்சிக்காரர்

காதைச் சுவரோடு ஒட்டவைத்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார். வீட்டுக்காரர் ஏதோ சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் வந்தவருடைய ஆள்காட்டி விரல் மட்டும் உயர்ந்து தாழ்கிறது. கால் மணி நேரமாக இதே கோலம். கொடுத்த தேநீர் ஆடை கட்டிவிட்டது. மேலே கூரையோரத் தகரக் குழாயில் மரங்கொத்தி ஒரு சுற்று தட்டி ஓய்ந்த பிறகுதான் கண்ணைத் திறக்கிறார்.

"கேட்டீங்களா? ஒரே மூச்சா தடதடன்னு அடிச்சிட்டு நிறுத்துது. இது பசி இல்லீங்க. கல்யாண ஆசை. இது என் இடம், நான் இங்கதான் இருக்கேன், பொண்ணுங்க வரலாம், மத்தவன் வரக்கூடாதுன்னு தண்டோரா போடுது."

"அதுக்கு என் வீடுதான் கிடைச்சுதா?"

"உங்க குழாய் மாதிரி கணீர்னு எந்த மரம் கேக்கும்?" என்று சொல்லியபடி ஏணியில் ஏறி, பழைய துணியைக் குழாயைச் சுற்றி இறுக்கிக் கட்டுகிறார். வேலை முடிந்தது. "சத்தம் எடுபடலைன்னா தானா கிளம்பிடும். மைக்கைப் புடுங்கிட்டா பேச்சாளர் எவ்வளவு நேரம் மேடையில நிப்பாரு?"

தொழில் முறையில் அவர் தச்சர். சன்னல் சட்டம், கூரையோரப் பலகை, மாடிப்படிக் கைப்பிடி என்று வீட்டின் மர வேலை எல்லாம் பார்ப்பார். ஆனால் மரங்கொத்தி கொத்திய வீடுகளுக்கெல்லாம் இவரையே கூப்பிட்டுக் கூப்பிட்டு, ஊர் இவருக்குக் கொத்தனார் என்று பேர் வைத்துவிட்டது. அதை நம்பி, ரெண்டு ரூம் கட்டணும், என்ன ரேட்டு என்று விசாரித்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. முன்னறையில் தையல் மெஷின் மிதித்துக்கொண்டிருக்கும் அவர் மனைவி, தலை நிமிராமலே பதில் சொல்லி அனுப்புவார்: "அவர் கட்டுற கொத்தனார் இல்லீங்க. காது குடுத்துக் கேக்குற கொத்தனார்."

ஐம்பத்து நான்கு வயது. ஒல்லியான உடம்பு. வலது காதில் எப்போதும் யார் வீட்டுச் சுண்ணாம்போ கொஞ்சம் ஒட்டியிருக்கும். வேனின் தலையில் ஏணி, வேனுக்குள் உளி, ரம்பம், திருப்புளி. இவ்வளவுதான் அவருடைய ஆஸ்பத்திரி. வைத்தியமும் அதே அளவுக்குச் சுருக்கமானது. தடதடவென்று மத்தளம் மாதிரி அடித்தால் துணை தேடுகிறது. நின்று நின்று, இடம் மாற்றி மாற்றி, சின்னச் சின்னதாய்க் கொத்தினால் மரத்துக்குள் புழு இருக்கிறது, அதைத் தின்கிறது. ஒரே இடத்தில் கைவிட்டு எடுக்கிற அளவுக்கு வட்டமாய்க் குடைந்தால் குடிவரப் பார்க்கிறது.

"பசி, கல்யாணம், வீடு. இந்த மூணுக்குத்தாங்க கொத்துது. நாமளும் இதே மூணுக்குத்தானே நாயா அலையறோம்? அதுக்கு அலகு இருக்கு, நமக்கு லோன் இருக்கு, அவ்வளவுதான் வித்தியாசம்."

இவ்வளவு எளிய காரணம் வீட்டுக்காரர்களுக்குப் பிடிப்பதில்லை. தங்கள் வீட்டைத் தேடி வந்த பறவைக்குத் தங்கள் அந்தஸ்துக்கேற்ற காரணம் இருக்க வேண்டாமா? யாரோ வேண்டாதவன் ஏவிவிட்டிருக்கிறான் என்றார் ஒரு வரி அதிகாரி. எதிர்வீட்டுக்காரர் தானியம் போட்டுப் பழக்கி அனுப்புகிறார் என்றார் இன்னொருவர். ஒரு பேராசிரியர் பருந்தின் குரலைப் பதிவு செய்து ஒலிபெருக்கியில் போட்டார். பறவை இரண்டு நாள் பயந்தது. மூன்றாம் நாள் ஒலிபெருக்கியின் மேலேயே உட்கார்ந்து தட்டியது. பிளாஸ்டிக் ஆந்தை வாங்கி மாட்டிய வீட்டில், ஆந்தையின் தலை பறவைக்கு வசதியான மணையாயிற்று. "இப்படி முட்டிக்குதே, அதுக்குத் தலை வலிக்காதா?" என்று கேட்ட ஒரு அம்மாளிடம், "உங்களுக்கு வலிக்குதே, அது போதாதா?" என்று சொல்லிவிட்டு வந்தார் கொத்தனார். அந்த அம்மாள் தன் தங்கை வீட்டுச் சன்னல் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டாள்.

"வேலைக்குப் போங்கன்னா வழக்காடிட்டு வர்றீங்க. உங்க கைக்கு வர்ற வேலையெல்லாம் உங்க வாய் தொரத்திவிடுது," என்பார் மனைவி.

"நான் என்ன பொய்யா சொன்னேன்?"

"அதான் சொல்றேன்."

போன பருவத்தில் அவரைக் கூப்பிட்டு அனுப்பியவர் சீஃப். பெரிய பெரிய பாலங்கள் கட்டிய தலைமைப் பொறியாளர். வேலையைவிட்டு எட்டு வருடமாகிறது. வாசல் பலகையில் 'ஓய்வு' என்ற சொல்லும் உண்டு, மூக்கு பலகையில் இடிக்கிற தூரத்துக்குப் போனால் தெரியும். தெருவில் எல்லோருக்கும் அவர் சீஃப்தான். அவருடைய மனைவிக்கும் சீஃப்தான்.

அந்த வீட்டை அவரே வரைந்து, அவரே நின்று கட்டியிருந்தார். மாடியில் சுவரிலிருந்து நான்கு மர உத்தரங்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, அவற்றின் மேல் பலகை பாவிய பால்கனி. கீழே தூண் கிடையாது. தூணில்லாமல் நிற்பதுதான் அதன் பெருமை. வருகிறவர்களை எல்லாம் அதன் அடியில் நிறுத்தி, மேலே பார்க்கச் சொல்லி, கழுத்து வலிக்கும்வரை விளக்கம் சொல்வார். அந்தப் பால்கனியைத்தான், வீடு கட்டுவோருக்கான ஒரு மாத இதழ் படமெடுக்கச் சனிக்கிழமை வருவதாக இருந்தது. மகன், மகள், மருமக்கள், பேரப் பிள்ளைகள் என்று பதினொரு பேரும் மேலே வரிசையாக நிற்க வேண்டும் என்று சீஃப் முடிவு செய்திருந்தார். உத்தரத்தில் மட்டும், பொத்தான் போட்ட மாதிரி வரிசையாகத் துளைகள்.

"சனிக்கிழமைக்குள்ள இந்த ஓட்டையெல்லாம் அடைச்சு, வார்னிஷ் அடிச்சு, அந்தச் சனியனை விரட்டிடு. இதுல வேற பேச்சே வேண்டாம்," என்றார் சீஃப்.

கொத்தனார் ஏணியைச் சாத்தி ஏறினார். பறவை வரும்வரை காத்திருந்தார். டொக். டொக் டொக். சற்றுத் தள்ளி, டொக். நின்று நின்று, நகர்ந்து நகர்ந்து. அது பறந்துபோன பிறகு திருப்புளியை எடுத்து, சுவரோரமாக உத்தரத்தில் வைத்து லேசாக அழுத்தினார். வெண்ணெயில் இறங்குவது போல் கைப்பிடி வரைக்கும் இறங்கியது. இழுத்ததும் மாவு மாதிரி தூள் அவருடைய முகத்தில் கொட்டியது. மற்ற மூன்றையும் அதேபோல் குத்திப் பார்த்தார்.

இறங்கி வந்து சொன்னார்: "சார், உள்ள வண்டுப் புழு சல்லடையாக்கிடுச்சு. மேல வார்னிஷ் மட்டும்தான் மரமா நிக்குது. நாலுல மூணு உத்தரம் போச்சு. பறவை அந்தப் புழுவுக்குத்தான் வருது. அதை விரட்டிப் பிரயோசனமில்ல. பால்கனியில யாரையும் ஏத்தாதீங்க."

"ஏம்பா, நான் யார்னு தெரியுமா?"

"தெரியும் சார்."

"நான் கட்டின பாலத்து மேல இன்னிக்கும் ரயில் போகுது. எனக்கு நீ பாரம் சொல்லித் தர்றியா?"

"பாலத்தை நான் சொல்லலீங்க. பாலம் இரும்பு. அதைத் தின்ற புழு இன்னும் பொறக்கல."

அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். சீஃப் வாசலைக் காட்டினார். மறுநாளே ஒரு பெயின்டர் வந்து துளைகளில் புட்டி அடைத்து, வார்னிஷ் அடித்து, வாயே திறக்காமல் போனார். தெருவே அவரை நல்ல வேலைக்காரர் என்றது. கொத்தனாருக்கு அதே தெருவில் பேசி வைத்திருந்த இரண்டு வேலைகளும் போயின. வேலை போனது அவரை அவ்வளவாக வாட்டவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் திருப்புளி இறங்கிய அந்த வேகம் கையில் நினைவு வந்தது. சீஃபின் கடைசிப் பேரனுக்கு மூன்று வயதிருக்கும். ஏணியில் நின்றபோது, பால்கனிக் கம்பிகளுக்கு நடுவே முகத்தைத் திணித்து அவருக்கு அழகு காட்டிய பிள்ளை.

"சொல்லிட்டீங்க, அவர் கேக்கல. இன்னும் என்ன பண்ணணும்கிறீங்க?" என்றார் மனைவி.

"நான் சொன்ன விதம் சரியில்லையோ என்னமோ."

மனைவி மெஷினை நிறுத்திவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். முப்பது வருடத்தில் இப்படி ஒரு பேச்சு அந்த வாயிலிருந்து வந்ததில்லை.

சனிக்கிழமை காலை போன் வந்தது. சீஃபின் மனைவி. குரலைத் தணித்துப் பேசினார். "கொத்தனாரே, புட்டியைக் கொத்திப் போட்டுட்டு அது மறுபடி வந்திருக்கு. நான் கீழ நின்னு காது வெச்சேன். உள்ள என்னமோ கரகரங்குது. படம் எடுக்கிறவங்க வந்தாச்சு. நீங்க கொஞ்சம் வர முடியுமா?"

அவர் போனபோது தோட்டத்தில் புகைப்படக்காரர் கேமராவை முக்காலியில் பொருத்திக்கொண்டிருந்தார். பிள்ளைகளுக்குத் தலைவாரியாகிவிட்டது. ஏணியும் கையுமாக நுழைந்தவரைக் கண்டதும் சீஃபின் முகம் சிவந்தது.

"உன்னை யார் வரச் சொன்னது?"

"நான்தான்," என்றார் அவர் மனைவி. வீட்டில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"சார், ஒரே ஒரு உத்தரத்தை மட்டும் திறந்து காட்டறேன். அப்புறம் உங்க இஷ்டம்," என்றார் கொத்தனார், தன்னால் முடிந்த அளவுக்குத் தணிவாக.

"திறந்து காட்டறியா? நான் நின்னு காட்டறேன்." சீஃப் விடுவிடுவென்று மாடியேறினார். பால்கனியின் வெளி மூலை வரைக்கும் நடந்து, கைப்பிடியைப் பிடித்து, கட்சித் தலைவர் மாதிரி கீழே பார்த்தார். "எல்லாரும் பாருங்க. எழுபத்தெட்டு கிலோ. அசையுதா?"

அசையவில்லை. புகைப்படக்காரர் பழக்க தோஷத்தில் ஒரு படம் எடுத்தார். அந்த நேரம் பார்த்து மரங்கொத்தி எங்கிருந்தோ வந்து, சீஃபின் காலுக்கு நேர் கீழே உத்தரத்தில் தொற்றிக்கொண்டது. டொக். டொக் டொக். கொத்திய இடத்திலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு வார்னிஷோடு ஒரு சில்லு பெயர்ந்து தோட்டத்தில் விழுந்தது. தொடர்ந்து பழுப்புத் தூள் நூலாகக் கொட்டத் தொடங்கியது. பறவை ஒரு கொழுத்த வெள்ளைப் புழுவை இழுத்தெடுத்து, எல்லோரும் பார்க்க விழுங்கிற்று. பிறகு உத்தரம் முனகியது. நீளமான முனகல்.

சீஃபின் கை கைப்பிடியை இறுக்கியது. சுவருக்கும் அவருக்கும் நடுவே ஆறடி. ஒரு கால் எடுத்து வைத்தார், மறுபடி முனகல், காலைப் பின்னுக்கிழுத்துக்கொண்டார். பாலம் கட்டியவருக்கு அந்த ஆறடியின் கணக்கு மற்ற எவரையும்விட நன்றாகத் தெரியும். அதனால்தான் அவருடைய முகம் வெளுத்தது.

"தாத்தா, வா தாத்தா," என்றான் கடைசிப் பேரன், கீழேயிருந்து.

கொத்தனார் சீஃபின் மகனையும் மருமகனையும் கைகாட்டிக் கூப்பிட்டார். தோட்டத்து மர பெஞ்சியை இழுத்துவரச் செய்து, அதன் மேல் ஏணியைச் செங்குத்தாக நிறுத்தி, அதன் உச்சியில் ஒரு பலகையை வைத்து உத்தரத்துக்கு முட்டுக் கொடுத்தார். இரண்டு பேர் ஏணியைப் பிடித்துக்கொள்ள, அவர் மாடிக்கு ஓடி, கதவு நிலையில் ஒரு கையைக் கோத்துக்கொண்டு மறு கையை நீட்டினார்.

"சார், என்னைப் பாருங்க, கீழ பாக்காதீங்க. காலைத் தூக்க வேண்டாம். தேய்ச்சுக்கிட்டே வாங்க. பூனை மாதிரி. ஆங், அப்படித்தான். அவசரமில்ல. படம் எடுக்கிறவரு காத்திருப்பாரு."

ஆறடி தூரத்தைச் சீஃப் ஐந்து நிமிடத்தில் கடந்தார். கை எட்டியதும் கொத்தனார் அவரை அப்படியே உள்ளே இழுத்து, கட்டிலில் உட்காரவைத்தார். இருவருக்கும் சட்டை நனைந்திருந்தது. சீஃப் அவருடைய மணிக்கட்டை விடவில்லை. சீஃபின் மனைவி தண்ணீர் கொண்டுவந்து, முதல் டம்ளரைத் தச்சரிடம் கொடுத்தார்.

படம் தோட்டத்துப் புல்லில் எடுக்கப்பட்டது. திங்கட்கிழமையே பழைய உத்தரங்களைக் கொத்தனார் இறக்கினார். ஒன்று கையிலேயே இரண்டாக ஒடிந்தது. மருந்து ஏற்றிய புதிய மரம் போட்டு, கீழே இரண்டு தூணும் வைத்தார். தூணைப் பற்றிச் சீஃப் எதுவும் சொல்லவில்லை. எல்லாம் முடிந்த அன்று, பழைய மரத்தில் புழு இருந்த துண்டு ஒன்றைப் பின்பக்கத்து மரத்தில் மாட்டித் தரும்படி அவர் மனைவி கேட்டுக்கொண்டார். அதுவும் எங்கே போய்ச் சாப்பிடும், பாவம் என்றார்.

கொத்தனார் ஏணியில் நின்று துண்டை அடித்துக்கொண்டிருந்தபோது, சீஃப் இதழைக் கையில் பிடித்தபடி வந்தார். நடுப்பக்கத்தில் புல்தரையில் பதினொரு பேர். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, நிறுத்தி நிதானமாக வாசித்தார்:

"'மரத்தின் குறையைக் கண்ணால் காணும் முன்பே காதால் கண்டறிந்துவிட்டேன். நாற்பதாண்டு அனுபவம் அது. உடனடியாகத் தகுந்த ஆளை வரவழைத்து ஆவன செய்தேன்.' எப்படி வந்திருக்கு கொத்தனாரே? 'தகுந்த ஆள்'னு உன்னையும் சேர்க்கச் சொல்லிட்டேன்."

ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த சீஃபின் மனைவி மேலே பார்த்தார். கொத்தனாரின் உதடுகளுக்கிடையே இரண்டு ஆணிகள் இருந்தன. அவர் பையில் கைவிட்டு இன்னும் மூன்று ஆணிகளை எடுத்து, அவற்றையும் வாயில் கவ்விக்கொண்டு, சுத்தியலை ஓங்கினார்.