பழப்புளியில குளிச்ச குதிரை

இண்டைக்குப் பாடர்போர்ன் பழைய சாமான் சந்தையில நடந்தது.

பிரிட்டிஷ் குதிரைப்படைத் தொப்பிச் சின்னங்கள் சேர்க்கிற பைத்தியம் எனக்கிருக்கெண்டு உங்களுக்குத் தெரியும். கிரீடமும் குதிரையும் போட்ட என்ர முதல் சின்னத்தைக் கொண்டுபோய், அதுகளை விக்கிற ஜெர்மன் கிழவரிட்டக் காட்டினன். என்ர மனிசியும் கூட வந்தவ.

இஞ்ச இருந்த பிரிட்டிஷ் முகாமில நான் சட்டி கழுவின காலம், டேவிட் எண்ட சிப்பாய் ஊருக்குத் திரும்பேக்க என்ர கையில வச்சிட்டுப் போனது அது.

கிழவர் பூதக்கண்ணாடியால பார்த்தார்.

"கிரீடத்தின்ர நடுவில பள்ளம் இருக்கு, அப்ப ராசா இல்லை, அரசி ஆண்ட காலத்துச் சின்னம். குதிரையின்ர முகம் தேய்ஞ்சுபோச்சு. போலியெண்டா கண், மூக்கு எல்லாம் கூராத் தெரியும். இந்தச் சிப்பாய் வருஷக்கணக்கா மினுக்கியிருக்கிறான். எவ்வளவு விசுவாசமான ஆள்!"

நான் மனிசியைப் பார்த்தன். அவ நிலத்தைப் பார்த்தா.

டேவிட், சின்னத்தை மினுக்காமல் போய் அதிகாரியிட்டப் பேச்சு வாங்கினவன். அவன் போனதில இருந்து அது எங்கட சாமித்தட்டில குத்துவிளக்குக்குப் பக்கத்தில கிடக்கு. வெள்ளிக்கு வெள்ளி விளக்கோட சேர்த்து அதையும் பழப்புளி போட்டுத் தேய்ச்சது இவதான். சேகரிக்கிறவன் பழைய பித்தளையை மினுக்கவே கூடாதெண்டு நான் போட்ட சண்டை கொஞ்சமில்லை.

"அந்தச் சிப்பாய் இப்ப எங்க?" எண்டு கிழவர் கேட்டார்.

"இந்தா, பக்கத்தில நிக்கிறா" எண்டன்.

வீட்டை வந்து சின்னத்தைத் திரும்ப விளக்குக்குப் பக்கத்திலயே வச்சிட்டன். குதிரைக்குத் தேய்க்க இன்னும் வால் மிச்சம் இருக்கு.