விதைக்கு வைத்த பருத்திக்கொட்டை

எங்கள் அம்மா இளையரசனேந்தலில் பிறந்தவர்கள். சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே இந்தக் கரிசல் காட்டு ஊரில் வாழ்க்கைப்பட்டு, சென்ற ஆண்டு ஆடித்தபசு முடிந்த கையோடு எங்களை விட்டுப் போனார்கள். நினைவு மலர் என்றால் போனவரைச் சாது என்று எழுதுவது வழக்கம். மூத்த மகள் நான் சொல்கிறேன், அம்மா சாது இல்லை. அப்பாவோடு வாய்க்கு வாய் சண்டை போடுவார்கள், பெரும்பாலும் மாட்டுக்காக.

எங்கள் வீட்டில் சோளமும் பருத்தியும் விளையும் காடு அப்பாவின் பொறுப்பு, தொழுவம் அம்மாவின் பொறுப்பு. காட்டுச் சோளத்தட்டை மாட்டுக்கு, மாட்டுச் சாணம் காட்டுக்கு. மழை பெய்த வருஷங்களில் இந்தக் கொடுக்கல் வாங்கல் ஒழுங்காக நடந்தது.

பிறகு மழை பொய்த்தது. அடுக்கி வைத்திருந்த தட்டைப் படப்பு தீர்ந்தது. மிஞ்சியது விதைக்கென்று வைத்த ஒரு மூட்டைப் பருத்திக்கொட்டை. அதை ஆட்டி ஊற்றினால் உழவுமாடு இரண்டும் பிழைக்கும். ஆனால் விதைக்க ஒன்றும் இராது.

"விதையத் தொடாத. நாளைக்கு மழை பெஞ்சா எதைப் போடுவேன்?" என்றார்கள் அப்பா.

"மாடு செத்தா நுகத்தடியில நீங்க கழுத்தக் குடுப்பியளோ?" என்றார்கள் அம்மா.

இருவரும் சொன்னது நியாயம்தான். யார் பக்கம் பேசுவது? கடைசியில் பாதி மாட்டுக்கு, பாதி விதைக்கு என்று முடிவாயிற்று. அம்மா கொட்டையை ஊறவைத்து ஆட்டி, செவலை, மயிலை என்ற அந்த இரண்டு மாட்டுக்கும் பங்கு வைத்தார்கள். அந்தப் பாதியும் தீர்ந்தது, மழை வரவில்லை. மயிலை படுத்துவிட்டது. அம்மா அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு வானத்தைத் திட்டினார்கள். அப்பா விதை மூட்டையைத் தூக்கிவந்து அம்மா முன்னால் போட்டு, "ஆட்டிக் குடு" என்றார்கள். அதில் இரண்டு பிடி அள்ளி ஆட்டிக் கொடுத்தோம். மயிலையால் விழுங்க முடியவில்லை, கடைவாயில் வழிந்துவிட்டது.

மயிலையைப் புதைத்த மறுவாரம் மழை பெய்தது. பாவி மழை! பருத்திக்கொட்டையைச் சாணியும் மண்ணும் போட்டுத் தேய்த்தால்தான் ஒன்றோடொன்று ஒட்டாமல் விதைக்க வரும். செவலையின் சாணியில் தேய்த்துக்கொண்டே, "இதுல ரெண்டு பிடி முன்னாலயே குடுத்திருந்தா எந்திச்சிருக்கும்லா" என்று அம்மா அழுதார்கள். அப்பா தேய்த்த கொட்டையைப் பெட்டியில் அள்ளிக்கொண்டு காட்டுக்குப் போனார்கள்.

அந்த வருஷம் பருத்தி நன்றாக வெடித்தது. அம்மா ஒரு நாள்கூடக் காட்டுப் பக்கம் போகவில்லை.

சென்ற ஆண்டு அம்மா படுத்தபோது வீட்டில் எல்லாம் இருந்தது. பால், கஞ்சி, டாக்டர் கொடுத்த மருந்து. எதுவும் உள்ளே இறங்கவில்லை. நான் கரண்டியும் கையுமாக உட்கார்ந்திருந்தேன்.

"போதும்ட்டி. விழுங்க முடியாததுக்கு ஊத்தக் கூடாது. நான் பாத்திருக்கேன்" என்றார்கள். அதுதான் என்னிடம் கடைசியாகப் பேசியது.

அன்று மயிலைக்குப் பதிலாகத் தன் மாட்டை ஓட்டிவந்து செவலையோடு பூட்டிய கீழவீட்டு அண்ணாச்சிக்கும், அம்மாவைத் தூக்கிப் படுக்கவைத்துப் பார்த்துக்கொண்ட ஊர்ப் பெண்மக்களுக்கும், இன்று அம்மாவின் நினைவு நாளுக்கு வந்திருக்கும் உங்கள் எல்லாருக்கும் எங்கள் நன்றி. செவலை தொழுவத்தில்தான் நிற்கிறது. இந்த வருஷம் தட்டை நிறையக் கிடக்கிறது. சாப்பிட்டுப் போகும்போது அதற்கு ஒரு பிடி போட்டுவிட்டுப் போங்கள்.