பன்னிரண்டு திண்டு, ஒரே அளவு

இருபத்திரண்டு வருடமாகச் சோபாவுக்கு உறை தைக்கிறவளை அந்தத் தெருவில் குஷன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். யாரையும் லேசில் நம்பமாட்டாள். துணிக்கடைக்காரர் பத்து மீட்டர் என்று கொடுத்ததை அவர் கண்ணெதிரிலேயே திரும்ப அளப்பாள்.

ஒருமுறை புத்த விகாரையிலிருந்து, தியானத்துக்கு உட்காரப் பன்னிரண்டு வட்டத் திண்டு கேட்டார்கள். தைத்துக் கொடுத்தாள். பத்தாம் நாள் கன்னியர் மடத்து மூத்த சிஸ்டர் போன் செய்தார். அதே அளவு, அதே பன்னிரண்டு.

"நம்ம ஆளுங்க பெஞ்சுலதானே சிஸ்டர் உட்காருவாங்க?"

"இது வியாழக்கிழமை தியானத்துக்கும்மா. விகாரையிலேருந்து பிக்குவும் வந்து உட்காருவார்."

ஞாயிறு பூசை தவறாதவளுக்கு இது சரியாகப் படவில்லை. "சிஸ்டரை மெல்ல அந்தப் பக்கம் இழுக்கிறாங்க," என்றாள் கணவனிடம்.

"உனக்கு எதுலதான் சந்தேகமில்ல?" என்றார் அவர்.

வியாழக்கிழமை திண்டுகளைத் தானே கொண்டுபோனாள். ஜெபக்கூடத்தில் பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளியிருந்தார்கள். பிக்கு ஒரு திண்டை அமுக்கிப் பார்த்துத் தலையாட்டினார். அவள் சிஸ்டரைத் தனியே இழுத்தாள்.

"இவர் என்னதான் சொல்லிக்கொடுக்கிறார்?"

"ஒண்ணும் இல்ல. அவர் மூச்சைக் கவனிப்பார். நான் இயேசு பேரை மனசுக்குள்ள சொல்லிட்டிருப்பேன்."

"அவருக்குச் சாமி உண்டா?"

"அந்தப் பேச்செடுத்தா எங்களுக்கு ஒத்துவராது. பேசாம உட்கார்ந்தா ஒத்துவருது. நீங்களும் உட்காருங்களேன்."

வேவு பார்க்க இதைவிட நல்ல இடம் ஏது? உட்கார்ந்தாள். சிஸ்டர்கள் கண்ணை மூடினார்கள். பிக்குவின் இமை பாதிதான் இறங்கியது. அதையும் குறித்துக்கொண்டாள். அவர் கையையும் சிஸ்டரின் உதட்டையும் விடாமல் பார்த்தாள். அரைமணி நேரம் மந்திரமும் இல்லை, ஜாடையும் இல்லை. யாரோ ஒரு சிஸ்டர் லேசாகக் குறட்டை விட்டதோடு சரி.

மணி அடித்ததும் பிக்கு அவளிடம் வந்தார். "அசையாம கவனிச்சீங்க. எனக்கு நடுவுல ரெண்டு தடவை சாப்பாட்டு ஞாபகம் வந்துடுச்சு."

ஐஸ் வைக்கிறார், இப்படித்தான் ஆரம்பிப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். ஆனாலும் காலையிலிருந்து மண்டையைக் குடைந்தது எதுவும் அந்த நிமிடம் குடையவில்லை. அதுவே அவளுக்குப் பெரிய சந்தேகமாகப் போயிற்று.

அடுத்த வியாழனும் போனாள். காவலுக்கு என்று வீட்டில் சொன்னாள். மூன்று வருடமாகிறது. சிஸ்டர் சிஸ்டராகவே இருக்கிறார், பிக்கு பிக்குவாகவே இருக்கிறார். போன மாதம் ஒரு வாரம் வேலை நெருக்கி, போகமுடியவில்லை. அந்த வாரம் முழுக்கக் கடைக்கு வந்தவர்கள் மேலும் கணவன் மேலும் எரிந்து விழுந்தாள்.

மறுவாரம் கணவனே குடையை எடுத்து நீட்டினார்: "கிளம்பு, கிளம்பு. அங்க என்ன நடக்குதோ, யார் கண்டா!"