படிகாரத்தில் தெரிந்த முகம்

1964 பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை. ஐந்தரைக்கு எழுந்து, குழாயடியில் இரண்டு குடம் பிடித்து, பழையது சாப்பிட்டு, எட்டே முக்காலுக்குப் பள்ளிக்குக் கிளம்பினேன். அப்போது பத்தாம் வகுப்பு. கடைசிப் பாடம் ரசாயன ஆய்வகம்.

எங்கள் வாத்தியார் சுத்திகரிப்பைப் படிகாரத்தில்தான் தொடங்கினார். அழுக்குப் படிகாரத்தை வெந்நீரில் கரைத்து, வடிதாளில் வடித்து, ஆறவிட்டு, ஒரு துணுக்கை நூலில் கட்டித் தொங்கவிட்டால் அது நாளுக்கு நாள் வளரும். அதற்கு முன் கட்டளைகள் உண்டு. பின்னலை முடிந்துகொள்ள வேண்டும். கொதிக்கும் கிண்ணத்துக்கு மேல் முகத்தை நீட்டக் கூடாது. சூடான கண்ணாடியும் ஆறிய கண்ணாடியும் பார்வைக்கு ஒன்றே. எதையும் நாக்கில் வைக்கக் கூடாது. ஜன்னல் திறந்திருக்க வேண்டும். ஆகவே பக்கத்துக் கோட்டையிலிருந்து வரும் குரங்குகளை விரட்ட ஒருத்தி கம்புடன் நிற்க வேண்டும்.

என் படிகம் பதினெட்டு நாளில் நெல்லிக்காய் அளவுக்கு வளர்ந்திருந்தது. மறுநாள் வரும் இன்ஸ்பெக்டர் முன் வைக்க வாத்தியார் அதைத்தான் தேர்ந்தெடுத்தார். ஓர் இரவு வீட்டுக்குக் கொண்டுபோக அனுமதியும் தந்தார்.

"படிகாரம்னா பரவால்ல. மயில்துத்தம் மட்டும் வாசப்படி தாண்டக் கூடாது, அது வெஷம்."

வீட்டில் அத்தை இருந்தாள். நைனாவின் கடைசித் தங்கை, எட்டாவதோடு நிறுத்தப்பட்டவள். தினமும் மாலையில், "இன்னிக்கு இன்னா பண்ணீங்க?" என்று ஆரம்பித்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வைப்பாள். எனக்கு அது பெரிய தொல்லை.

அன்று தெருவே வந்து படிகத்தைப் பார்த்துவிட்டுப் போனது. விளக்கு வைத்ததும் அத்தை திருஷ்டி கழிக்க என்னைக் கிழக்கே பார்த்து நிற்கச் சொன்னாள். மூடிய கையை மும்முறை சுற்றி, அதன்மேல் மும்முறை துப்பச் சொன்னாள். துப்பினேன். பிறகு படிகம் வைத்திருந்த டப்பாவைத் திறந்தால் காலி.

"அத்தே, என் படிகம் எங்க?"

"அடுப்புல. கடைப் படிகாரத்துல கல்லும் மண்ணும். உன்னுது பளிங்காட்டம் இருக்குது, கண்ணு நல்லா எறங்கும்னு போட்டேன்."

அது பொரிந்து வெள்ளையாக உப்பியிருந்தது. கண் வைத்தவரின் முகம் அதில் தெரியும் என்பார்கள். அத்தை இடுக்கியால் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஆம்பள மொகம். மூக்குக் கண்ணாடி கூட இருக்குது பாரு. உங்க வாத்தியாரு கண்ணுதான்."

நான் சாப்பிடாமல் அழுதேன். நைனா மட்டும், "நாளைக்கு இன்ஸ்பெக்டருக்கு வாத்தியாரு மொகத்தையே காட்டிடு," என்றார்.

பொரிந்ததை முச்சந்தியில் போடுவதுதான் வழக்கம். அத்தை போடவில்லை. மறுநாள் காலை முதல் வேலையாக அதைக் காகிதத்தில் மடித்து, பொங்கலுக்கு எடுத்த புடவையைக் கட்டிக்கொண்டு, மணியடிக்கும் முன்பே என்னுடன் பள்ளிக்கு வந்தாள். நடந்ததை அவளே சொன்னாள், முகம் உட்பட. வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"மூக்குதான் கொஞ்சம் பெருசு. நெருப்புல போனது தண்ணி மட்டுந்தாம்மா. படிகாரம் போவல. கரைச்சு வடிச்சா வந்துடும். உள்ள வாங்க."

அவர் மேற்கொண்டு சொல்லுமுன் அத்தை கூந்தலை முடிந்துகொண்டாள். முந்தானையை இடுப்பில் செருகினாள். கரைசல் கொதித்தபோது முகத்தைத் தள்ளியே வைத்திருந்தாள். பிறகு கிண்ணத்தை இடுக்கியால் பிடித்து, கண்ணாடிக் குச்சியின் மேல் சாய்த்து, மெல்ல ஊற்றினாள். அடுப்புக் கரி முழுவதும் வடிதாளில் தங்கியது. கீழே தெளிந்த நீர் சொட்டியது.

"இன்ஸ்பெக்டர் இதையே பாக்கட்டும்," என்றார் வாத்தியார். "கல்லக் காட்டுறதவிட இது மேல்."

எனக்கு உயிர் வந்தது. அத்தை கடைசிச் சொட்டு விழும்வரை அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. அவள் மன்னிப்புக் கேட்கத்தான் அவ்வளவு தூரம் வந்தாள் என்று நான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.