சிவப்புத் துணி வரைக்கும்

என் வீட்டுக்காரரைத் தெருவுல ‘டேப்பு’ன்னுதான் கூப்பிடுவாங்க. தச்சு வேலை. சட்டைப் பையில அளவு டேப் இல்லாம வாசப்படி தாண்ட மாட்டார். எங்க கல்யாணத்தன்னைக்கே வெச்சிருந்தார், நம்புங்க. ரெண்டு தடவை அளக்காம ஒரு ஆணிகூட அடிச்சதில்லை. பாய்மரப் படகு ஒண்ணைக் கொல்லையில போட்டு, பதினோரு வருஷம் ஒத்த ஆளா இழைச்சு இழைச்சுச் செஞ்சார். எங்களுக்குப் பிள்ளை கிடையாது. எல்லாம் அந்தப் படகுதான்.

அன்னைக்கு அவரோட அக்காவையும் அத்தானையும் தீவுக்குக் கூட்டிட்டுப் போனோம். அங்க ஒரு சின்ன குடா. பாத்தா கண்ணு நிறையும், தண்ணிக்கடியில கிடக்குற சிப்பிகூடத் தெரியும். ஆனா ஒரு பக்கம் கடலுக்கு அப்படியே திறந்து கிடக்கும். காத்து கடல்லேருந்து அடிக்க ஆரம்பிச்சா ஒதுங்க இடமில்லை, பின்னாடி முழுக்கப் பாறை. அதனால அங்க நங்கூரம் போட்டா கயிறை நிறைய விடணும். கயிறு நீளமா இருந்தாத்தான் நங்கூரம் படுத்த வாக்குல மணலைக் கவ்வும். குறைஞ்சா அலை தூக்குறப்ப அதுவும் சேர்ந்து கிளம்பிடும்.

இதுக்கும் அளவு வெச்சிருந்தார். நங்கூரத்துலேருந்து பத்து பாகத்துக்கு வெள்ளைத் துணி, இருபதுக்குப் பச்சை, முப்பதுக்குச் சிவப்பு, கயித்துலயே முடிஞ்சிருப்பார். ஒரு பாகம்னா ரெண்டு கையையும் விரிச்ச நீளம். அந்தக் குடாவுல சிவப்பு வர்ற வரைக்கும் விடணும்.

இங்கதான் என் லட்சணம். அதுக்கு நாலு நாள் முன்னாடி படகைக் கழுவப் போனேன். கயிறு நங்கூரத்துப் பக்கம் நார்நாரா நைஞ்சிருந்துச்சு. நைஞ்சது ஒரு பாகம்தான். மாடியில துணி காயப்போடக் கொடி வேணுமேன்னு அந்த முனையிலேருந்து எட்டு பாக நீளத்துக்கு வெட்டி எடுத்துட்டேன். நங்கூரத்தைத் திரும்ப இறுக்கமாத்தான் கட்டினேன். துணி முடிச்சுங்க ஞாபகத்துக்கே வரலை. கயிறை வெட்டினதையாவது சாயங்காலம் சொல்லலாம்னு இருந்தேன். வீட்டுக்கு வந்தா, சமையலறை அலமாரியை எனக்கு எட்டாத உயரத்துல மாட்டி வெச்சிருக்கார். கேட்டா, ‘அளவு கச்சிதமா இருக்கே’ங்கிறார். எனக்கு வந்துச்சே கோபம். அன்னையிலேருந்து பேச்சு வார்த்தை இல்லை.

குடாவுக்குள்ள போனதும், “அக்கா, பாயை இறக்கச் சொல்லு அவளை”ன்னார். பக்கத்துலதான் நிக்கிறேன். நாத்தனார் சிரிச்சுக்கிட்டே என் முகத்தைப் பாத்தாங்க. நான் இறக்கினேன். அவர் நங்கூரத்தைப் போட்டுக் கயிறை விட்டார். சிவப்பு வந்தது.

“என்ன, இன்னைக்கு சீக்கிரம் வந்த மாதிரி இருக்கு?”ன்னார்.

அப்பதான் எனக்கு உறைச்சுது, நான் வெட்டின எட்டு பாகமும் நங்கூரத்துக்கும் சிவப்புக்கும் நடுவுலதானே குறைஞ்சிருக்கு. வாய் வரைக்கும் வந்துச்சு. ‘ஏன், என்கிட்ட கேட்டா கொறைஞ்சு போயிடுவாரா?’ன்னு உதட்டைக் கடிச்சுக்கிட்டு நின்னேன். பாவி.

படகுக்குப் பின்னாடி கட்டி இழுத்துட்டு வந்த துடுப்புத் தோணியில கரைக்குப் போய்ச் சாப்பிட்டோம். ரெண்டு மணி வாக்குல காத்து திரும்பிக் கடல்லேருந்து அடிக்க ஆரம்பிச்சுது. முதல்ல நாத்தனாரோட குடை பறந்துச்சு. அப்புறம் அவர் எழுந்து நின்னு படகையே பாத்தார். படகு நங்கூரத்தையும் இழுத்துக்கிட்டுப் பாறைப் பக்கமா பின்னாடி போய்க்கிட்டிருந்துச்சு. சட்டுனு போயிருந்தாக்கூடப் பரவாயில்லை, அசைஞ்சு அசைஞ்சு, நின்னு நின்னு போச்சு. தோணியைத் தள்ளிக்கிட்டு ஓடினார். முதல் அலையே கவுத்துப் போட்டுடுச்சு. மறுபடி ஏறினார், மறுபடி கவுந்தது. மூணாவது தடவை அத்தான் போய் இடுப்பைக் கட்டிப் பிடிச்சு நிறுத்தினார். எட்டு பாகம் வீட்டு மாடியில தொங்குது. அங்க நின்னு நான் என்ன செய்ய?

பாறையில இடிச்ச சத்தம் கரை வரைக்கும் கேட்டுச்சு. ரெண்டாவது இடியில பக்கப் பலகை பிளந்துடுச்சு.

முழங்கால் தண்ணியில நின்னு, “சிவப்பு வரைக்கும் விட்டேனே”ன்னார். நாலு நாளைக்கப்புறம் என்கிட்ட பேசின முதல் பேச்சு அதுதான். “நீ பாத்தல்ல?”

“பாத்தேங்க”ன்னேன்.

சாயங்காலம் ஒரு மீன்பிடிப் படகு எங்களை ஊர்க் கரை சேர்த்துச்சு. வீட்டுக்கு வந்ததும் மாடிக்குப் போய்க் கொடியை அவுத்துச் சுருட்டிப் பரண்ல ஒளிச்சேன். சொல்லிடணும் சொல்லிடணும்னு ஆறு மாசம் ஓடிப்போச்சு. அவர் இப்ப ஒரு பலகையை நாலு தடவை அளக்கிறார், அப்புறமும் அறுக்காம நிக்கிறார். வந்த வேலையெல்லாம் திருப்பி அனுப்பிட்டார்.

நேத்து ஈரத்துணியை நாற்காலி முதுகுல போட்டுக்கிட்டிருந்தேன். கொஞ்ச நேரம் பாத்துட்டு, பையிலேருந்து டேப்பை எடுத்து என் கையில குடுத்தார்.

“மாடியில ஒரு கொடி கட்டித் தரேன். எவ்வளவு நீளம் வேணும்னு நீயே அளந்து சொல்லிடு. என் அளவை இனிமே நம்ப முடியாது.”