எல்லார் பாஸ்வேர்டும் இவரிடம் இருந்தது

என் கணவர் மணவாளன் இறந்து நாற்பது நாளாகிறது. ஆவடியில் தொழிற்சாலை குவார்ட்டர்ஸ் வாசலுக்கு எதிரே பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். ஆதார் திருத்தம், பி.எஃப்., ரயில் டிக்கெட் என்று தினமும் கூட்டம் இருக்கும். பாஸ்வேர்டு யாருக்கும் நினைவிருக்காது. "உங்க சிஸ்டத்துலயே இருக்கட்டும்" என்பார்கள். அப்படி அறுபது குடும்பங்களின் பாஸ்வேர்டு இவருடைய பிரவுசரில் சேர்ந்திருந்தது.

ஜூன் மாதம் ஒரு காலையில் செய்தி வந்தது. அந்தப் பிரவுசரில் பாதுகாப்பு ஓட்டை இருக்கிறதாம். கெட்ட பக்கம் ஒன்றைத் திறந்தாலே வெளியாள் உள்ளே வந்துவிடலாமாம். உடனே அப்டேட் செய்யச் சொல்லியிருந்தார்கள். செய்தார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

"ஓட்டைய அடைச்சாச்சு தாட்சாயிணி. அதுக்கு முந்தியே எவனாவது பூந்து எடுத்துகினு போயிருந்தா?"

நான் பி.காம். படித்தவள். எனக்கும் தெரியவில்லை.

"யார்கிட்டயும் சொல்லாதீங்க. நீங்கதான் வித்துட்டீங்கன்னுவாங்க. கடையே போயிடும்" என்றேன்.

ஷட்டரை இறக்கிவிட்டுக் கிளம்பினார். நானும் கூடப் போனேன். முதல் வீடு லோகநாயகி அக்காவுடையது. திருநெல்வேலிக்காரர்.

"அக்கா, உங்க பாஸ்வேர்டு திருடு போயிருக்கலாம். போகாமலும் இருக்கலாம். மாத்திடுங்க."

"யாரு எடுத்தா?"

"தெரியாதுக்கா."

"எப்ப எடுத்தா?"

"எடுத்தாங்களான்னே தெரியாது."

"நல்லாருக்கே! ஒண்ணுமே தெரியாம என்னத்தச் சொல்ல வந்தீரு?"

மாடியில் பூபாலன் இன்னும் மோசம். "இன்னா மாமே, நீயே சுட்டுட்டு நீயே வந்து கூவுறியா?" என்று சிரித்தார். இவருக்குச் சிரிப்பு வரவில்லை. அறுபது வீடும் ஏறி இறங்கினார்.

மறுநாள் கடை வாசலில் வரிசை நின்றது. சண்டைக்குத்தான் வந்திருக்கிறார்கள் என்று பயந்தேன். பிள்ளைகளின் போனில் எல்லாரும் பாஸ்வேர்டை மாற்றியிருந்தார்கள். புதியதை இவரிடம் கொடுத்து வைக்க வந்திருந்தார்கள்! லோகநாயகி அக்கா பேத்தி பெயரையும் பிறந்த வருடத்தையும் வரிசை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

"ஐயோ, கத்தாதீங்கக்கா!"

"மெல்லச் சொன்னா உமக்குக் கேக்காதுல்லா?"

"இனிமே நான் வச்சுக்க மாட்டேன். உங்ககிட்டயே இருக்கட்டும்."

அக்காவின் முகம் சுருங்கியது. "நாங்க என்னய்யா தப்பு பண்ணோம்?"

அன்று சாப்பிடும்போது இவர் என்னிடம் கேட்டார்: "நம்பலைன்னா கடைய மூடிடலாம்னு இருந்தேன். நம்புறாங்களே, இப்ப இன்னா பண்றது?"

எதுவும் திருடு போனதா என்று அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை. இப்போது கடையில் நான் உட்காருகிறேன். நேற்று லோகநாயகி அக்கா வந்து, என் கையைப் பிடித்தபடி, பாஸ்வேர்டைக் காதில் சொல்லிவிட்டுப் போனார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இவர் எப்படித்தான் சொன்னாரோ!