மாலை போட்ட பதினோராம் நாள்

அப்போதெல்லாம் நாளைக்கு இரண்டு கட்டு பீடி பிடிப்பேன். எழுபதுகளில், திருத்தணியில் குடியிருந்துகொண்டு அம்மையார்குப்பத்தில் பவர்லூம் ஓட்டிக்கொண்டிருந்த காலம். இருமல் நெஞ்சைப் பிடுங்கியது. நானாக விடமாட்டேன் என்று எனக்கே தெரியும். அதனால் ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டு முருகனுக்கு மாலை போட்டேன். கழுத்தில் மாலையோடு போய் நின்றால் எந்தக் கடைக்காரனும் பீடி தரமாட்டான். பெரிய கெட்டிக்காரன் என்று நினைப்பு.

மாலை போட்டவனை வீட்டிலும் 'சாமி' என்றுதான் கூப்பிடுவார்கள், எதிர்த்துப் பேசமாட்டார்கள். அதுவே வினையாகப் போயிற்று. நான்காம் நாளிலிருந்து தூக்கமில்லை. கை நடுங்கியது. தறியில் இழை அறுந்தால் முடிச்சுப் போட வராமல் அழுகை முட்டியது. அடுத்த நிமிஷமே யாரையாவது அறையவேண்டும் போலிருந்தது. புத்தி பேதலித்துவிடுமோ என்று உள்ளுக்குள் ஒரே பயம். யாரிடமும் மூச்சு விடவில்லை.

பதினோராம் நாள் விளக்கு வைத்த நேரம், குழம்பில் உப்பு குறைவு என்று தட்டைச் சுவரில் விட்டெறிந்தேன். ஐந்து வயது மகள் மேல் சோறு தெறித்தது. சத்தம் கேட்டு ஓடிவந்த பக்கத்து வீட்டம்மா, "ஐயோ, சாமி வந்துட்ச்சி!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். என் மனைவி சூடம் கொளுத்தி என் முகத்துக்கு நேரே காட்டினாள். எப்போதும் 'நைனா' என்று மேலே வந்து விழுகிற மகள், கன்னத்தில் சோற்றுப் பருக்கையோடு என்னைப் பார்த்துக் கைகூப்பி நின்றாள்.

மனைவியைத் தோட்டப்பக்கம் கூப்பிட்டுப் போனேன்.

"சாமியெல்லாம் வரல. பீடி இல்லாம வெறி புடிச்சிகினு கீறேன். பைத்தியமே ஆயிடுவேன் போல கீது."

"ஆங், தெரியும். பத்து நாளா பாத்துகினுதானே கீறேன்."

"தெரிஞ்சுமா சூடம் கொளுத்தன?"

"நைனாவுக்கு என்னப் புடிக்கலியான்னு கொழந்த கேக்குது. அது நைனா இல்லடி, சாமி வந்தா அப்டித்தான் கத்தும்னு சொல்லி வெச்சிகீறேன். மாலய கழட்டனப்புறமும் நீங்க இப்டியே கத்தினா, அப்ப நான் இன்னா சொல்றது?"

வெட்கம் பிடுங்கித் தின்றது. உள்ளே போய் மகள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"சாமி வரலம்மா. கத்தினது நைனாதான்," என்றேன்.

அவள் கூப்பிய கையை இறக்கினாள். என்னை ஒரு தரம் பார்த்தாள். ஓடிப்போய் அவள் அம்மாவின் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

அதற்கப்புறம் நான் பீடியைத் தொடவில்லை. மாலையைக் கழற்றுவதற்குள் கை நடுக்கம் நின்றது, தூக்கமும் வந்தது. மகள் தானாக என் மடிக்கு வர, ஆடி போய் ஆவணியும் பாதி போயிற்று.